எடைக்குறைப்பு ஊசியும் குடல் நரம்புகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

நீரிழிவுக்கும் உடல் எடையைக் குறைப்பதற்கும் வாரம் ஒருமுறை போடும் ஊசிகளைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் இப்போது அடிக்கடி வாசிக்கிறோம். பசியை அடக்கும், இரத்தத்தில் சீனியைக் குறைக்கும், சிலருக்கு வாந்தி வரும் என்பதோடு பெரும்பாலான கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. வாந்தி ஏன் வருகிறது, மலம் ஏன் இறுகுகிறது, சத்திரசிகிச்சைக்கு முன் மயக்கமருந்து வைத்தியர் இந்த ஊசியைப் பற்றி ஏன் குறிப்பாகக் கேட்கிறார் என்பதைச் சொல்வதில்லை. இவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. வார ஊசிகளான செமாகுளுடைட், டிர்செபடைட், நாள்தோறும் போடும் லிராகுளுடைட் ஆகியவை குடல் ஓமோன்களைப் பார்த்துச் செய்யப்பட்ட மருந்துகள். அந்த ஓமோன்கள் தம் வேலையில் பெரும்பகுதியை நரம்புக்கலங்கள் வழியாகவே செய்கின்றன. இதை அறிந்தால், ஊசி போடும் ஒருவர் என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையைத் தொடக்கூடாது, எப்போது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம் செய்யாமலே விளங்கும். ஆகவே இந்தக் கடிதம் சற்று நீண்டாலும் வெளியிட வேண்டுகிறோம்.

குடலின் சுவருக்குள் இரண்டு நரம்பு வலைகள் உள்ளன. நெடுக்குத் தசைக்கும் வட்டத் தசைக்கும் நடுவே பரந்திருப்பது அவுவர்பாக் வலை. குடலை அசைப்பது அதன் பொறுப்பு. சளிப்படைக்குக் கீழே இருப்பது மைஸ்னர் வலை. நீர் சுரப்பதையும் உறிஞ்சுவதையும் அங்குள்ள இரத்த ஓட்டத்தையும் அது பார்த்துக்கொள்கிறது. இரண்டிலுமாக மனிதரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக்கலங்கள் உண்டு. 1899இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவரும் குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும், உள்ளே வைத்த பொருளைக் குடல் கீழ்நோக்கித் தள்ளுவதைக் கண்டார்கள். பொருளுக்கு மேற்புறத்தே தசை இறுகியது; கீழ்ப்புறத்தே தளர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1902இல், அதே இருவர்தான் நரம்பு அறுக்கப்பட்ட குடற்பகுதியில் அமிலம் விட்டபோதும் சதையி சுரப்பதைக் கண்டு, இரத்தம் வழியே போகும் செக்ரெட்டினைக் கண்டுபிடித்தார்கள். ஓமோன் என்ற பெயர் 1905இல் வந்தது. அன்றிலிருந்து நரம்பு ஒரு பாடம், ஓமோன் வேறொரு பாடம் என்று பாடசாலைகளிலும் பிரித்தே படிப்பிக்கப்படுகிறது. குடலுக்குள் அந்தப் பிரிவினை இல்லை.

எளிய எடுத்துக்காட்டு செரட்டோனின். உடலிலுள்ள செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. உணவு சுவரை அழுத்தும்போது சளிப்படையில் உள்ள என்டெரோகுரோமாபின் கலங்கள் அதை வெளிவிடுகின்றன. அது பக்கத்திலுள்ள உணர்நரம்பின் முனையைத் தூண்ட, அந்நரம்பு மேலும் கீழும் செய்தி அனுப்புகிறது. வாய்ப்பக்கம் அசற்றைல்கோலின் வெளியேறித் தசை இறுகும். மலவாசல் பக்கம் நைத்திரிக் ஒட்சைட்டும் வி.ஐ.பி. எனப்படும் பெப்தைட்டும் வெளியேறித் தசை தளரும். உணவு நகர்கிறது. 1899இல் கண்ட காட்சியின் இரசாயனம் இதுதான். செரட்டோனின் அளவு மீறும்போதும் இதே பாதைதான். கொலரா நச்சு இந்தக் கலங்களிலிருந்து செரட்டோனினை வெளியேற்றி, மைஸ்னர் வலையைத் தூண்டி, குடலுக்குள் நீரைக் கொட்டச் செய்கிறது. குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் முனைகளில் செரட்டோனின் படும்போது மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையம் விழிக்கிறது. ஒன்டான்செட்ரோன் மாத்திரை அந்த முனையிலுள்ள ஏற்பியை, அதாவது செரட்டோனின் வந்து ஒட்டும் இடத்தை, அடைப்பதால்தான் வாந்தி நிற்கிறது. குடலின் உள்ளேயும் அதே ஏற்பியை அது அடைப்பதால் மலம் இறுகுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள். கீழே மீண்டும் தேவைப்படும்.

இனி ஊசிக்குரிய ஓமோன். ஜி.எல்.பி-1 சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள எல் கலங்களில் அதிகம் உருவாகிறது. சாப்பிட்டு 10, 15 நிமிடங்களுக்குள் இரத்தத்தில் உயரத் தொடங்கும். ஆனால் டி.பி.பி-4 என்ற நொதியம் அதை உடனுக்குடன் வெட்டிவிடுவதால் அதன் அரைவாழ்வு, அதாவது பாதியளவு மறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 2 நிமிடந்தான். சுரந்ததில் சிறு பங்கே முழு வடிவில் பொது இரத்த ஓட்டத்தை எட்டுகிறது. அப்படியானால் இயற்கை இதை எதற்காகச் சுரக்கிறது? சுரந்த இடத்திலேயே, கலத்துக்கு அடியில் காத்திருக்கும் நரம்பு முனைகளுக்காக என்பதே பொருத்தமான விடை. வேகஸ் நரம்பு செய்தியை மூளைக்குக் கொண்டு செல்ல, இரைப்பை தளர்ந்து கொள்கிறது. அதன் கீழ்வாசல் இறுகுகிறது. உணவு மெல்ல இறங்குகிறது. அவுவர்பாக் வலையில் நைத்திரிக் ஒட்சைட்டு வெளியேறுவதால் சிறுகுடலின் அசைவும் தணிகிறது. அதே கலங்களிலிருந்து வரும் பி.வை.வை. ஓமோனும் இதற்குத் துணை நிற்கிறது. முன்சிறுகுடலில் கொழுப்பும் புரதமும் பட்டவுடன் சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் இன்னொரு பக்கத்திலிருந்து வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பையை மேலும் தாமதப்படுத்துகிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாடு வயிற்றில் நெடுநேரம் நிற்பது இதனால்தான்.

மாறாக, பட்டினி நேரத்தில் மோட்டிலின் என்ற ஓமோன் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை உயர்ந்து, இரைப்பையிலிருந்து சிறுகுடல் வரை ஒரு பலமான அலையை எழுப்பி மிச்சங்களைக் கூட்டித் தள்ளுகிறது. வெறும் வயிறு இரைவது பெரும்பாலும் அந்த அலை. இடைவிடாமல் கொறித்துக்கொண்டிருப்பவரின் குடலுக்கு இந்தத் துப்புரவு கிடைப்பதில்லை.

இயற்கையான ஜி.எல்.பி-1 இரண்டு நிமிடம் வாழ்கிறது. செமாகுளுடைட்டின் அரைவாழ்வு ஏறக்குறைய ஒரு வாரம். உணவு வேளையில் மட்டும் வந்துபோகவேண்டிய செய்தி, இரவு பகலாக ஓயாமல் நரம்புக்கலங்களில் ஒலிக்கிறது. மருந்தின் பலனும் இதில்தான், தொல்லையும் இதில்தான்.

ஆகவேதான் அளவைப் படிப்படியாக உயர்த்தச் சொல்கிறார்கள். செமாகுளுடைட் வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்குகிறது. இந்த அளவு சீனியைக் குறைப்பதற்கானது அல்ல. நரம்புகள் பழகுவதற்கு மட்டுமே. 4 வாரம் கழித்து 0.5. அதற்கடுத்த 4 வாரமாவது கழிந்த பின்பே, தேவையானால், 1 மில்லிகிராம். எடைக்குறைப்புக்குரிய 2.4 மில்லிகிராமை எட்ட 16 வாரம் ஆகும். டிர்செபடைட் 2.5 மில்லிகிராமில் தொடங்கி 4 வாரம் கழித்து 5க்குப் போகிறது. தொடர்ந்து பாவிக்கும்போது இரைப்பையின் மந்தம் ஓரளவு தணிகிறது. குமட்டலும் பலருக்குக் குறைகிறது. முதல் வாரத்தில் எடை குறையவில்லை என்று ஒரேயடியாக 1 மில்லிகிராமுக்குத் தாவுபவர் அந்தப் பழக்கக் காலத்தை இழந்துவிடுகிறார். இரண்டு மூன்று வாரம் தவறவிட்டுவிட்டுப் பழைய உயர்ந்த அளவிலேயே மீண்டும் தொடங்குபவருக்கும் அதே நிலைதான். அவர் வைத்தியரைக் கேட்டு, தேவையானால் கீழிருந்து ஏறவேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கடைசி ஊசிக்குப் பிறகு செமாகுளுடைட் உடலை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து வாரம் எடுக்கும். இன்று நிறுத்தினால் நாளை வாந்தி நிற்காது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைட்டை நிறுத்தவேண்டும் என்பதும் இதனால்தான்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது அடுத்த கட்டம். வாந்தி வந்தவுடன் பாமசிக்குப் போய் ஒரு மாத்திரை, மலச்சிக்கலுக்கு இன்னொன்று, வயிற்றோட்டமானால் வேறொன்று என்று வாங்குகிறோம். அவை ஒவ்வொன்றும் அதே நரம்பு வலையில்தான் கைவைக்கிறது.

வாந்திக்கு வாங்கும் டொம்பெரிடோனை எடுத்துக்கொள்வோம். குடல் நரம்புகளில் டோப்பமின் என்ற இரசாயனம் அசற்றைல்கோலின் வெளியேறுவதைத் தடுக்கிறது. டொம்பெரிடோன் அந்தத் தடையை நீக்குவதால் இரைப்பை அசைகிறது. ஆனால் அது இதயத்தின் மின்னொழுங்கையும் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை 2014இல் அதற்கு எல்லை வகுத்தது: பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல், ஒரு வாரத்துக்கு மேற்படாமல். வாரக்கணக்கில் பின்விளைவு தரும் ஓர் ஊசிக்கு ஒரு வார மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது எவ்வளவு தவறு என்று பாருங்கள். இன்னொரு வாந்தி மருந்தான மெட்டோகுளோபிரமைட் மூளைக்குள்ளும் புகுவதால் இன்னும் கவனம் தேவை. கழுத்தும் தாடையும் தானாக இழுத்துக்கொள்வது இளவயதினரில் கூடுதலாக ஏற்படும். அதற்கு நாளுக்கு 30 மில்லிகிராம், ஐந்து நாள் என்பது அதே அதிகாரசபை 2013இல் வகுத்த எல்லை. எரித்ரோமைசின் நுண்ணுயிர்க்கொல்லியாக இருந்தும் மோட்டிலின் ஏற்பியைத் தூண்டுவதால், வைத்தியசாலைகளில் மந்தமான இரைப்பைக்குக் குறுகிய காலம் கொடுக்கப்படுவதுண்டு. சில வாரங்களில் ஏற்பிகள் ஓய்ந்து பலன் குறையும். அதே எரித்ரோமைசின் டொம்பெரிடோன் ஈரலில் சிதைவதையும் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. நெஞ்சுச் சளிக்கு ஒரு வைத்தியர் எரித்ரோமைசினோ கிளரித்ரோமைசினோ எழுதும்போது, வாந்திக்கு டொம்பெரிடோன் விழுங்கிக்கொண்டிருப்பதை அவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

ஒன்டான்செட்ரோன் வாந்தியை நிறுத்தும்; ஏற்கெனவே மந்தமான பெருங்குடலை இன்னும் மந்தமாக்கும். கொடீன் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையான டிரமடோலும் குடல் நரம்புகளின் ஒப்பியோயிட் ஏற்பிகளைப் பிடித்து அசற்றைல்கோலினை அடக்குகின்றன; ஊசியோடு சேர்ந்தால் மலச்சிக்கல் கல்லாகும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைட் அவுவர்பாக் வலையை நேரடியாக அடக்குவது. காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் அதைத் தொடக்கூடாது, ஏனெனில் கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிப் பெருங்குடல் வீங்கிவிடலாம். வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து, உப்பும் குளுக்கோசும் கலந்த ஜீவனிதான். ஒரு லீற்றருக்குரிய பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். அரைவாசியைப் போட்டு அரை லீற்றர் என்று கண்ணால் அளப்பது சரிவராது. குடல் நரம்புகள் எந்த நிலையில் இருந்தாலும், குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வாசல் திறந்தே இருப்பதால் அது வேலை செய்கிறது.

நீரிழிவு நீண்டகாலமாக உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உயர்ந்த சீனி காலில் மட்டும் நரம்பைக் கெடுப்பதில்லை. வேகஸ் நரம்பும், இரைப்பைச் சுவரில் நைத்திரிக் ஒட்சைட்டு வெளியிடும் நரம்புக்கலங்களும், அசைவின் தாளத்தை ஆக்கும் கஹால் கலங்களும் பல ஆண்டுகளில் தேய்கின்றன. இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்புதல், முதல் நாள் சோறு மறுநாள் வாந்தியில் வருதல், காரணமில்லாமல் சீனி ஏறி இறங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இப்படி ஏற்கெனவே மந்தமான இரைப்பை உள்ளவருக்கு இந்த ஊசியைத் தொடங்குவது நிலைமையை மோசமாக்கக்கூடும். சீட்டு எழுதுமுன் வைத்தியர் இதைக் கேட்கவேண்டும். அவர் கேட்காவிட்டால் நோயாளி சொல்லவேண்டும்.

இவர்கள் சாப்பாட்டுக்கு முன் இன்சுலினும் போடுபவர்களானால் மருந்து முந்திவிடுகிறது: உணவு இரைப்பையிலேயே நிற்க, இன்சுலின் இரத்தச் சீனியை இறக்கிவிடும், மூன்று மணி நேரம் கழித்து உணவு இறங்கும்போது சீனி ஏறும். கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகளோடும் சீனி தாழ்ந்துபோகலாம். ஊசியைத் தொடங்கும்போது இவற்றின் அளவைக் குறைக்கவேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பது அவசியம். கை நடுங்கி வியர்த்தால் பிஸ்கட்டோ சொக்லேட்டோ கொடுக்காதீர்கள். அவற்றின் கொழுப்பு இரைப்பையை இன்னும் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டி குளுக்கோசு மாவை, ஏறக்குறைய 15 கிராம், நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயால் எதையும் ஊட்டாமல் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழையுங்கள்.

சத்திரசிகிச்சையோ, இரைப்பைக்குள் கமெரா விட்டுப் பார்ப்பதோ நிச்சயிக்கப்பட்டிருந்தால், ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லவேண்டும். வழக்கமான பட்டினி இருந்தபோதும் இரைப்பையில் சோறு மிஞ்சியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிராபத்து. அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர்கள் 2023இல் வார ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்துமாறு சொன்னார்கள். 2024இல் பல சங்கங்கள் சேர்ந்து அதைத் திருத்தின. பெரும்பாலானோர் நிறுத்தவேண்டியதில்லை, அளவு உயர்த்தும் கட்டத்தில் இருப்பவர்களும், குமட்டல், வாந்தி, வயிற்று உப்பல் உள்ளவர்களும் கூடுதல் ஆபத்தில் இருப்பவர்கள், அவர்களுக்கு முந்திய 24 மணி நேரம் நீராகாரம் மட்டும், தேவையானால் இரைப்பையை ஸ்கேன் செய்து பார்த்தல் என்றன. எதைப் பின்பற்றுவது என்பதை மயக்கமருந்து வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். சொல்லாமல் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். எடை குறைக்க ஊசி போடுவதை வீட்டாருக்கே சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். மயக்கமருந்து வைத்தியரிடமாவது சொல்லிவிடுங்கள்.

டிர்செபடைட் போடும் பெண்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால், தொடங்கிய 4 வாரமும் ஒவ்வொரு முறை அளவை உயர்த்திய பின் 4 வாரமும் வேறொரு தடுப்பு முறையும் தேவை. மாத்திரை இரைப்பையில் தேங்குவதால் உறிஞ்சப்படுவது குறைகிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இது. ஊசி போட்டுவரும் காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கொத்துரொட்டி, புரியாணி, பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வாந்தியை விலைகொடுத்து வாங்குவதாகிவிடும். ஊசியின் தாமதத்தோடு கொழுப்பு தூண்டும் கோலிசிஸ்டோகைனினின் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. கோப்பையை அரைவாசியாக்கி, நாளுக்கு நான்கு ஐந்து தரம், மெதுவாகச் சாப்பிட்டு, வயிறு போதும் என்றவுடன் நிறுத்தி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது. தேங்காய்ப்பால் கெட்டியாக விட்ட கறிக்குப் பதில் சொதியைத் தண்ணீராக வைத்துக்கொள்ளலாம். இருதய, சிறுநீரக நோயால் நீர் கட்டுப்படுத்தப்படாதவர்கள் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் குடிக்கவேண்டும். வாந்தியால் நீர் வற்றி சிறுநீரகம் பாதிக்கப்படுவது இந்த ஊசிகளில் அறியப்பட்ட ஆபத்து.

நார்ச்சத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்வது தவறு. பெருங்குடல் மந்தமானவருக்கு நார் நல்லது. சிவப்பரிசி, குரக்கன், கடலை, கௌபி, கீரை ஆகியவற்றின் நாரைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து குறுங்கொழுப்பமிலங்களாக்க, அவை எல் கலங்களைத் தூண்டி நம்முடைய சொந்த ஜி.எல்.பி-1ஐயும் பி.வை.வை.ஐயும் சுரக்கச் செய்கின்றன. ஆனால் ஒரே நாளில் இரட்டிப்பாக்காமல் வாரக்கணக்கில் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் வாயு வயிற்றை உப்பச் செய்யும். இரைப்பையே மந்தமானவருக்கோ கரடுமுரடான நார் கெடுதல். தோடம்பழச் சக்கை, முருங்கைக்காய்ச் சக்கை போன்றவை இரைப்பையில் திரண்டு உருண்டையாகிவிடலாம். அவருக்குக் குரக்கன் பிட்டை விடக் குரக்கன் கூழும், முழுக் கடலையை விட மசித்த பருப்பும் பொருந்தும்.

குடிக்கும் தண்ணீர்கூட 24 மணி நேரம் தங்காமல் வாந்தி. முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி. வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல் அல்லது கண் மஞ்சள். வயிறு வீங்கி மலமும் வாயுவும் போகாமை. இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இவை சதையி அழற்சி, பித்தப்பைக் கல், குடல் அசைவு நிற்றல் ஆகியவற்றின் அறிகுறிகள். குடல் அசைவு நிற்றலை அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2023இல் செமாகுளுடைட்டின் மருந்துத் தகவல் தாளில் சேர்த்தது.

பேனா ஊசியை ஊசிமுனை மாற்றிவிட்டு இருவர் பகிரவே கூடாது. இரத்தம் உள்ளே ஏறியிருக்கலாம். திறக்காத பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகையில் வைக்கவேண்டும். உறையும் தட்டை ஒட்டி வைக்கக்கூடாது, உறைந்த மருந்து பயனற்றது. கொழும்பு வெயிலில் காருக்குள் விட்டுச் செல்வதும் அப்படித்தான்.

இவ்வளவையும் வைத்தியர் ஒருவர் ஐந்து நிமிடச் சந்திப்பில் சொல்லிவிட முடியாது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் இவற்றில் பலவற்றைச் சொல்கிறது; ஆனால் அதை வாசிக்க ஆங்கிலமும் பூதக்கண்ணாடியும் தேவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த மருந்தை வாங்கும் தமிழ் பேசும் மூத்தவர்களில் எத்தனை பேருக்கு அது பயன்படும்? இந்த ஊசிகளை இறக்குமதி செய்வோர் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் ஒரு பக்கத் தாளைச் சேர்த்தே விற்கவேண்டும் என்று தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை விதிக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். அளவு ஏறும் படிகள், கூடச் சேர்க்கக்கூடாத மாத்திரைகள், சத்திரசிகிச்சைக்கு முன் சொல்லவேண்டியது, வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அறிகுறிகள் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். அதுவரை, மருந்தாளர்கள் இந்த ஊசியை விற்கும்போது "வாந்திக்கு வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியைத் தமிழில் கேட்கலாம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்த ஒரு பக்கத் தாளை வெளியிடத் தாங்கள் முன்வந்தால், அதை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
உடற்றொழிலியலும் மருந்தியலும் கற்பிப்போர் சிலர்,
கொழும்பு 06.